பென்னிகுயிக் என்ற பெயர் எங்கிருந்து வந்தது? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கம்பத்தில் ஜெராக்ஸ் கடை வைத்திருக்கிறேன். ஆன்லைன் விண்ணப்பங்களும் நிரப்பிக் கொடுப்பேன். முல்லைப் பெரியாறு அணையைக் கட்டிய கர்னல் ஜான் பென்னிகுயிக்கின் (1841–1911) பெயரைப் பிள்ளைகளுக்கு வைக்கும் வழக்கம் எங்கள் பக்கம் உண்டு. விண்ணப்பம் போட வருகிறவர்களிடம் "ஸ்பெல்லிங் சொல்லுங்க" என்றால் ஒரே பெயருக்கு ஆளுக்கொரு ஸ்பெல்லிங் சொல்வார்கள். அதிலிருந்து பேச்சு தொடங்கும். அந்தப் பெயருக்கு என்ன அர்த்தம், எந்த ஊர்ப் பெயர், எப்படிச் சொல்ல வேண்டும் என்று கேட்பார்கள். பல வருடமாகக் கேட்ட கேள்விகளை, கேட்டவர்கள் கேட்ட மாதிரியே இங்கே எழுதி, எனக்குத் தெரிந்த பதில்களைச் சேர்த்திருக்கிறேன்.

"பென்னிகுயிக்ங்கிறது அவரோட பேரா, அவங்க அப்பா பேரா?"

இரண்டும் இல்லை, அது குடும்பப் பெயர். பெற்றோர் வைத்த பெயர் ஜான். கர்னல் என்பது ராணுவப் பதவி.

குழப்பம் வருவதற்குக் காரணம் இருக்கிறது. அவருடைய அப்பாவும் ஜான் பென்னிகுயிக், மகனும் ஜான் பென்னிகுயிக். அப்பா பிரிகேடியர். 1849 ஜனவரி 13 அன்று பஞ்சாபில் சிலியன்வாலா போரில் இறந்தார். அதே நாளில் அதே களத்தில் அவருடைய இன்னொரு மகன் அலெக்ஸாண்டரும் இறந்தார், வயது 17. அணை கட்டிய ஜானுக்கு அதற்கு இரண்டு நாள் கழித்து எட்டாவது பிறந்த நாள். அவருடைய மகன் சர் ஜான் பென்னிகுயிக் (1899–1982) இங்கிலாந்தில் உயர் நீதிமன்ற நீதிபதியாக இருந்தார். இணையத்தில் இந்தப் பெயரைத் தேடும்போது, நீங்கள் படிப்பது எந்த ஜானைப் பற்றி என்று ஆண்டை வைத்துப் பார்த்துக்கொள்ளுங்கள்.

"பென்னின்னா காசு, குயிக்ன்னா வேகம். சீக்கிரமா காசு சேர்த்த குடும்பம்னு அர்த்தமாண்ணே?"

இதைக் கேட்காத வாரம் இல்லை. அப்படி இல்லை. இந்தப் பெயரில் காசும் கிடையாது, வேகமும் கிடையாது. பழைய ஊர்ப் பெயர் ஒன்றைப் பிற்காலத்தில் ஆங்கிலக் காதால் கேட்டு, ஆங்கில எழுத்தில் எழுதியபோது 'பென்னி' என்ற தெரிந்த சொல்லின் வடிவம் அதற்கு வந்துவிட்டது. பொருள் தெரியாத சொல்லைத் தெரிந்த சொல்லாக மாற்றிச் சொல்வது எல்லா மொழியிலும் நடக்கிறது.

"அப்ப அது எந்த ஊரு? இங்கிலாந்துலயா?"

ஸ்காட்லாந்தில். தலைநகர் எடின்பரோவுக்குத் தெற்கே ஏறக்குறைய 16 கிலோமீட்டரில் மிட்லோதியன் பகுதியில் பெனிகுயிக் என்று ஒரு சிறு நகரம் இருக்கிறது. நார்த் எஸ்க் என்ற ஆறு ஊரை ஒட்டி ஓடுகிறது. மேற்கே பென்ட்லண்ட் குன்றுகள். அவற்றில் உயரமான ஸ்கால்ட் லா 579 மீட்டர்தான். மேகமலையைப் பார்த்து வளர்ந்த நமக்கு அது கரடு மாதிரி தெரியும்.

அந்த ஆற்றுத் தண்ணீரை நம்பி அங்கே காகித ஆலைகள் வந்தன. வேலிஃபீல்ட் என்ற ஆலை 1709-இல் தொடங்கியது. நெப்போலியன் போர்க் காலத்தில் அந்த ஆலையையே போர்க்கைதிகள் முகாமாக்கி வைத்திருந்தார்கள். அங்கே இறந்துபோன 300-க்கும் மேற்பட்ட கைதிகளுக்கு இன்றும் ஒரு நினைவுச் சின்னம் நிற்கிறது. மின்காந்தவியலின் தந்தை ஜேம்ஸ் கிளார்க் மேக்ஸ்வெல்லின் அப்பா வழி முன்னோர் இந்த ஊர் ஜமீன்தார்களான கிளார்க் குடும்பத்தார்தான். பன்னிரண்டாம் வகுப்பு இயற்பியலில் மேக்ஸ்வெல்லைப் படித்த பென்னிகுயிக்குகள் எங்கள் ஊரில் இருக்கிறார்கள். அவர்களுக்கு இதைச் சொல்லும்போது எனக்கே சந்தோஷமாக இருக்கும்.

"குயில் மலைன்னு அர்த்தம்னு யாரோ சொன்னாங்க. உண்மையா சார்?"

உண்மைதான். மூன்று துண்டாகப் பிரித்துப் பாருங்கள். 'பென்' என்றால் தலை, உச்சி, குன்று. நடுவில் இருக்கும் 'இ' ஒரு சுட்டுச் சொல், 'அந்த' என்பது போல. கடைசியில் வரும் 'கோக்' என்பது குயில். சேர்த்தால் குயிலின் குன்று.

இது ஆங்கிலம் இல்லை, பிரித்தானிக் என்ற பழைய கெல்டிக் மொழி. ஆங்கிலம் அந்தத் தீவுக்கு வருவதற்கு முன்பே அங்கே பேசப்பட்டது. ஸ்காட்லாந்தின் தெற்கில் பேசிய அதன் கிளையைக் கம்பிரிக் என்கிறார்கள். அது மறைந்து எண்ணூறு வருடத்துக்கு மேல் ஆகிவிட்டது. ஊர்ப் பெயர்களிலும் ஆற்றுப் பெயர்களிலும்தான் அதன் சொற்கள் மிச்சம் இருக்கின்றன. அதன் உடன்பிறப்பான வெல்ஷ் மொழி இன்றும் உயிரோடு இருக்கிறது. வெல்ஷில் இப்போதும் பென் என்றால் தலை, கோக் என்றால் குயில். கார்ன்வாலில் உள்ள பென்சான்ஸ் ஊரின் முதல் பாதியும் இதே பென்தான். அந்த ஊரின் பெயருக்குப் 'புனித முனை' என்று பொருள்.

மக்கள் பேச மறந்துபோன ஒரு மொழியை ஊர்ப் பெயர் இத்தனை காலம் காப்பாற்றி வைத்திருக்கிறது. இந்தப் பெயரில் எனக்கு மிகவும் பிடித்த விஷயம் இதுதான்.

"அங்க குயில் இருக்கா? நம்ம மாந்தோப்புல கூவுற குயிலா?"

குயில் குடும்பம்தான், இனம் வேறு. நம் ஊர் ஆண் குயில் கருப்பு, கண் சிவப்பு. 'கூ... ஊ' என்று குரலை ஏற்றிக்கொண்டே போகும். பெண் குயில் காக்கைக் கூட்டில் முட்டையிடும். ஸ்காட்லாந்துக் குயில் சாம்பல் நிறம், வயிற்றில் குறுக்குக் கோடுகள். அது 'குக்-கூ' என்று இரண்டே சுரத்தில் கூவும். முட்டையிடுவது பெரும்பாலும் நெட்டைக்காலிக் குருவியின் கூட்டில். குளிர்காலத்தை ஆப்பிரிக்காவில் கழித்துவிட்டு ஏப்ரல் கடைசி வாக்கில் ஸ்காட்லாந்துக்கு வரும். அந்தக் கூவல் கேட்டால் குளிர் போய்விட்டது என்று அங்கே அர்த்தம். வருடா வருடம் ஒரு குன்றிலிருந்து அந்தச் சத்தம் வந்தால், அந்தக் குன்றுக்கு வேறு என்ன பெயர் வைப்பார்கள்?

"குயிக், குயில் ரெண்டும் ஒண்ணு மாதிரி இருக்கே. 'பெண் குயில்'ங்கிற தமிழ்ப் பேருதான் அதுன்னு வாட்ஸப்ல வந்துச்சு..."

அது சரியில்லை. 'பென்' என்பதும் 'பெண்' என்பதும் காதுக்கு ஒட்டுகிறது, அவ்வளவுதான். மேலே சொன்ன பென்சான்ஸைத் தமிழாக்கிப் பாருங்கள், ஒரு பொருளும் வராது. அதோடு 'குயிக்' என்ற ஒலியே பழைய பெயரில் கிடையாது. 13-ஆம் நூற்றாண்டில் பெனிகோக் என்றுதான் எழுதினார்கள். குயிக் எங்கிருந்து வந்தது என்பதை உச்சரிப்புக் கேள்வியில் சொல்கிறேன்.

கோக் என்பது அந்தப் பறவையின் கூவலைக் கேட்டு அப்படியே வைத்த பெயர். ஆங்கிலக் 'குக்கூ'வும் அப்படித்தான். நம்முடைய 'குயில்' ஒலித்தல், இசைத்தல் என்ற பொருளோடு சேர்ந்த சொல். சிலப்பதிகாரத்தில் இசைக்கருவி வாசிப்பவர்களைக் குயிலுவக் கருவியாளர் என்று சொல்லியிருக்கிறது. இரண்டு தேசத்துக்காரர்களும் அந்தப் பறவையை அதன் குரலால்தான் அறிந்திருக்கிறார்கள். உறவு அவ்வளவே. அதை மொழி உறவாக்கப் பார்க்க வேண்டாம்.

"ஊர் பேரு எப்படி ஆள் பேராச்சு?"

நம் ஊர் உதாரணமே போதும். ம.பொ.சி. என்பதன் முதல் எழுத்து மயிலாப்பூர். மயிலாப்பூர் பொன்னுசாமி சிவஞானம். பறவை பெயரில் ஓர் ஊர், அந்த ஊர் பெயரில் ஒரு மனிதர். பென்னிகுயிக்கும் அப்படித்தான். ஒரே வித்தியாசம், நாம் முன்னால் ஒற்றை எழுத்தாக வைக்கிறோம், அவர்கள் பின்னால் முழுசாக வைத்தார்கள். நமக்கு அது ஒரு தலைமுறையோடு மாறும். அவர்களுக்குப் பரம்பரையாகத் தொடர்ந்தது.

ஆரம்பத்தில் அந்த நிலத்தை வைத்திருந்தவர்களைத்தான் ஊர் பெயரோடு சேர்த்து எழுதினார்கள். 1296-இல் இங்கிலாந்து மன்னர் முதலாம் எட்வர்ட் ஸ்காட்லாந்தின் நிலக்கிழார்களைத் தனக்கு விசுவாச உறுதி சொல்ல வைத்தார். அந்தப் பெயர்களின் பட்டியலுக்கு ராக்மன் ரோல் என்று பெயர். அதில் ஹ்யூ டி பெனிகோக் என்பவர் இருக்கிறார். 'டி' என்றால் பிரெஞ்சில் 'அந்த ஊரைச் சேர்ந்த' என்று பொருள். காலப்போக்கில் 'டி' உதிர்ந்தது, ஊர்ப் பெயர் மட்டும் குடும்பப் பெயராக நின்றது.

"ராஜா வேட்டைக்கு வந்தா கொம்பு ஊதுற குடும்பம்னு படிச்சேன். அது இவங்கதானா?"

பெனிகுயிக் நிலத்துக்கு உரிய கடமை அது. எடின்பரோவுக்குப் பக்கத்தில் பரோ மூர் என்று ஒரு வேட்டைக் காடு இருந்தது. மன்னர் அங்கே வேட்டையாட வந்தால், பெனிகுயிக் நிலத்துக்கு உடையவர் பக்ஸ்டேன் என்ற கல்லின்மேல் நின்று மூன்று முறை கொம்பு ஊத வேண்டும். அந்த நிலத்துக்கு அவர் மன்னருக்குக் கட்டும் வாரம் அதுதான். நெல்லும் பணமும் அளப்பதற்குப் பதிலாக மூன்று மூச்சுக் காற்று. பென்னிகுயிக் குடும்பத்தின் பழைய குலச் சின்னத்திலும் வேட்டைக் கொம்புகள் உண்டு.

17-ஆம் நூற்றாண்டின் நடுவில் அந்த நிலத்தை ஜான் கிளார்க் என்ற வணிகர் விலைக்கு வாங்கினார். மேக்ஸ்வெல்லின் முன்னோர் என்று முன்பு சொன்னது இந்தக் குடும்பத்தைத்தான். நிலத்தோடு கொம்பு ஊதும் கடமையும் அவர்களுக்குப் போனது. அவர்களுடைய குலச் சின்னத்தில் கொம்பு ஊதும் வேட்டைக்காரர் இருக்கிறார், 'ஓர் ஊதலுக்கு இலவசம்' என்ற பொருளில் ஒரு வாசகமும் இருக்கிறது. ஆக, ஊரும் நிலமும் கொம்பும் கை மாறின. பெயர் மட்டும் பழைய குடும்பத்தோடு ஊரை விட்டுக் கிளம்பியது.

"சரியான உச்சரிப்பு எது? நாங்க சொல்றது தப்பா?"

ஸ்காட்லாந்தில் அந்த ஊர்க்காரர்கள் 'பென்னிகுக்' என்கிறார்கள். பிரஷர் குக்கர் என்கிறோமே, அந்தக் குக்கரில் வரும் 'குக்'. குடும்பப் பெயருக்கும் அங்கே அதே உச்சரிப்புதான்.

எழுத்தில் யு-வும் ஐ-யும் சேர்ந்து வருவதால்தான் சிக்கல். ஆங்கிலப் பழக்கத்தில் படிக்கிறவர்களுக்கு அது 'குயிக்' என்று தெரியும். ஆனால் அது ஸ்காட்ஸ் மொழியின் எழுத்து முறை. ஆங்கிலத்தில் இரண்டு ஓ போட்டு எழுதும் பல சொற்களை ஸ்காட்ஸில் யு-ஐ போட்டு எழுதுவார்கள். 'குட்' என்ற சொல்லை ஜி-யு-ஐ-டி என்றும், 'புக்' என்பதை பி-யு-ஐ-கே என்றும் எழுதுவது அவர்கள் வழக்கம். அந்தக் கணக்கில் சி-யு-ஐ-கே என்றால் குக். எழுத்தும் ஒலியும் இப்படிப் பிரிந்து நிற்கும் பெயர்கள் அந்தத் தீவில் நிறைய உண்டு. சோல்மாண்டலி என்று எழுத்துக்கூட்டிப் படிக்கத் தோன்றும் குடும்பப் பெயரைச் 'சம்லி' என்றுதான் சொல்வார்கள்.

நாம் சொல்வது தப்பா என்றால், இல்லை என்பது என் கருத்து. தஞ்சாவூரை டாஞ்சூர் என்றவர்கள் அவர்கள். நம் பள்ளத்தாக்கில் பென்னிகுயிக் என்று நிலைத்துவிட்டது. வயல்காட்டுப் பாட்டி முதல் பஸ் கண்டக்டர் வரை அப்படித்தான் சொல்கிறார்கள். அது இப்போது தமிழ்ப் பெயராகவும் ஆகிவிட்டது. ஸ்காட்லாந்துக்காரரிடம் பேசும்போது மட்டும் பென்னிகுக் என்று சொல்லுங்கள், அவருக்கு உடனே புரியும்.

"ஸ்பெல்லிங் ஏன் இத்தனை விதமா இருக்கு? ஒவ்வொண்ணும் வேற வேற குடும்பமா?"

ஒரே பெயர்தான். கடைசிப் பகுதியைக் 'குக்' என்ற ஆங்கிலச் சொல் போல எழுதுகிறவர்கள்தான் இன்று அதிகம். அணை கட்டியவர் குடும்பம் எழுதிய வடிவம் அரியது. சில குடும்பங்கள் நடுவில் ஐ போட்டும், சில குடும்பங்கள் ஈ போட்டும் எழுதின. ஊரின் பெயரில் ஒற்றை என், கடைசியில் வெறும் கே. கர்னலின் பெயரில் இரட்டை என், பிறகு ஒய், கடைசியில் சி-கே.

அந்தக் காலத்தில் ஞானஸ்நானப் பதிவையும் பத்திரத்தையும் எழுதியவர்கள் காதில் விழுந்தபடி எழுதினார்கள். ஒரே ஆள் தன் பெயரை இரண்டு விதமாகக் கையெழுத்துப் போட்டதும் உண்டு. அரசு பிறப்பு–இறப்புப் பதிவு தொடங்கியது இங்கிலாந்தில் 1837-இல், ஸ்காட்லாந்தில் 1855-இல். அதன் பின்தான் அவரவர் குடும்பத்தில் ஒரு வடிவம் உறுதியானது.

"குக்னு முடியுதுன்னா சமையல்காரங்க வம்சமா?"

இல்லை. குக் என்ற தனிக் குடும்பப் பெயர் சமையல் தொழிலால் வந்தது. இதில் இருப்பது மேலே சொன்ன குயில்.

"இந்தப் பேருல வேற பெரிய ஆளுங்க இருக்காங்களா?"

இருக்கிறார்கள். 1698-இல் ஸ்காட்லாந்து தனக்கென்று ஒரு குடியேற்றத்தை அமைக்கப் பனாமாவின் டாரியன் கரைக்குக் கப்பல்களை அனுப்பியது. அந்தக் கப்பல் படையின் தலைவர் ராபர்ட் பென்னிகுயிக். அந்த முயற்சி பெரும் உயிர்ச்சேதத்தோடும் பண நஷ்டத்தோடும் முடிந்தது. அதே காலத்தில் வாழ்ந்த அலெக்ஸாண்டர் பென்னிகுயிக் (1652–1722) மருத்துவர், கவிஞர். ட்வீடேல் பகுதியின் நிலத்தையும் செடிகொடிகளையும் பற்றி எழுதியவர்.

எனக்குப் பிடித்தவர் காலின் பென்னிகுயிக் (1933–2019). பறவைகள் எப்படிப் பறக்கின்றன என்பதை வாழ்நாள் முழுக்க ஆராய்ந்தவர். விமானம் ஓட்டத் தெரிந்தவர். கிழக்கு ஆப்பிரிக்காவில் மோட்டார் கிளைடரில் ஏறி, பிணந்தின்னிக் கழுகுகளுக்குப் பக்கத்திலேயே பறந்து அவற்றின் வேகத்தையும் ஏற்ற இறக்கத்தையும் அளந்தார். குயில் குன்றின் பெயரை வைத்திருந்த ஒருவர் பறவைகளோடு பறந்திருக்கிறார். தற்செயல்தான் என்றாலும் கடைக்கு வரும் பிள்ளைகளிடம் இதைச் சொல்லாமல் விடுவதில்லை.

"அப்ப பென்னிகுயிக்னு பேரு இருக்கிறவங்க எல்லாரும் ஒருத்தருக்கொருத்தர் சொந்தமா?"

அப்படிச் சொல்ல முடியாது. நிலக்கிழார் குடும்பம் மட்டும் இந்தப் பெயரை வைத்திருக்கவில்லை. அந்த ஊரிலிருந்து பிழைக்கப் போன குடியானவரையும் தச்சரையும் போன இடத்தில் 'பெனிகுயிக்காரர்' என்றுதான் கூப்பிட்டிருப்பார்கள். அதுவும் குடும்பப் பெயராக நின்றிருக்கும். மதுரையில் இருக்கும் 'கம்பத்தார்' எல்லாரும் அண்ணன் தம்பியாகிவிடுவார்களா? பெயர் ஒன்றாக இருப்பதை வைத்துக் கொடிவழி வரையக் கூடாது. பதிவேட்டில் அப்பா–மகன் தொடர்பு ஒவ்வொரு கண்ணியாகத் தெரிந்தால்தான் உறவு.

"அவரை ஆங்கிலேயர்னு சொல்றதா, ஸ்காட்லாந்துக்காரர்னு சொல்றதா? போட்டித் தேர்வுக்குக் கேக்குறேன்."

பெயரின் வேர் ஸ்காட்லாந்து. ஆள் பிறந்தது நம் நாட்டில், புனேயில், 1841 ஜனவரி 15. படித்ததும் கடைசிக் காலத்தில் வாழ்ந்ததும் இங்கிலாந்து. 1911 மார்ச் 9 அன்று சர்ரே மாவட்டம் கேம்பர்லியில் இறந்தார். அந்த ஊரில் 2022-இல் தமிழக அரசு அவருக்குச் சிலை வைத்தது. தேர்வில் 'பிரிட்டிஷ் பொறியாளர்' என்று எழுதினால் எந்தப் பக்கமும் தவறாது. அணை ஆண்டையும் கேட்பார்கள்: குத்தகை ஒப்பந்தம் 1886, திறப்பு 1895.

"என் பேரு பென்னிகுயிக். பையனுக்கு பாஸ்போர்ட் எடுக்கணும், சர்நேம் கட்டத்துல என்ன போடுறது?"

இந்தக் கேள்வியோடு போன மாதம்கூட ஒரு தம்பி வந்தார். அவருடைய தாத்தா ஐந்தாம் நம்பர் மடையில் தண்ணீர் பாய்ச்சிய சம்சாரி. இரண்டு போகம் விளைந்த நன்றியில் பேரனுக்கு இந்தப் பெயரை வைத்தாராம். பள்ளிச் சான்றிதழில் ஒரு ஸ்பெல்லிங், ஆதாரில் வேறு. இதனால் ஒரு அலுவலகத்தில் அவருடைய விண்ணப்பத்தைத் திருப்பிவிட்டார்கள்.

ஸ்பெல்லிங்கில் எது சரி என்று என்னைக் கேட்டால், எழுநூறு வருடமாக எல்லாமே புழக்கத்தில் இருந்தவைதான். ஆனால் உங்கள் காகிதங்கள் எல்லாவற்றிலும் ஒரே மாதிரி இருக்க வேண்டும். பள்ளிச் சான்றிதழில் உள்ளதை வைத்துக்கொண்டு மற்றவற்றைத் திருத்துவது சுலபம். திருத்தாமல் பையனுக்கு விண்ணப்பிக்காதீர்கள், அதே தொல்லை அவனுக்கும் வரும்.

சர்நேம் கட்டத்தில் அப்பா பெயரை விரித்து எழுதுவதுதான் நம் பக்கம் பெரும்பாலும் செய்கிறார்கள். பள்ளியில் அந்தப் பையன் பெ. கவின். 'பெ' என்ற ஒற்றை எழுத்துக்குள் அந்தக் குன்றும் குயிலும் இருக்கின்றன. படிவத்தில் கவின் பென்னிகுயிக் என்று நிரப்பினேன். பெயர் மறுபடி கடைசிக்குப் போய்ச் சேர்ந்தது. தம்பி ஒவ்வொரு எழுத்தாக விரல் வைத்துச் சரிபார்த்துவிட்டு, "அனுப்பிருங்கண்ணே" என்றார்.